சத்தத்தின் முதுகில் ஓர் எலக்ட்ரான்!

இந்தக் கட்டுரையை நீங்கள் போனில் படிக்கிறீர்கள் என்றால், இந்த நொடியில் உங்கள் உள்ளங்கைக்குள் குட்டிக்குட்டி நிலநடுக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பதற வேண்டாம். போனுக்கு வரும் சிக்னலைச் சலித்துக் கொடுக்கும் கடுகளவு படிகத் துண்டுகளில் நடக்கும் சங்கதி இது. அந்தத் துண்டின் மேற்பரப்பில் ஒரு சிற்றலை ஓடுகிறது. நிலநடுக்கத்தின்போது தரையில் உருண்டு வருகிறதே, அதே வகை அலை. அளவுதான் கோடி மடங்குக்கும் மேல் சிறியது.

இதற்கு 'மேற்பரப்பு ஒலி அலை' என்று பெயர். டி.வி-யிலும் போனிலும் பல வருடங்களாக உழைத்துவரும் இந்தப் பழைய அலைக்கு, இப்போது விஞ்ஞானிகள் புது வேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஓர் எலக்ட்ரானை முதுகில் ஏற்றிக்கொண்டு, சொன்ன இடத்தில் பத்திரமாக இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்!

கேட்பதற்கு எளிது. ஆனால், இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துகாட்ட பல நாட்டு ஆய்வகங்கள் முப்பது ஆண்டுகளாகப் போராடிவருகின்றன.

கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது எப்படி?

எலக்ட்ரானை நகர்த்துவதில் என்ன கஷ்டம்? ஸ்விட்சைப் போட்டால் கம்பியில் எலக்ட்ரான் ஓடத்தானே செய்கிறது?

ஓடுகிறது. ஆனால், ஒன்றல்ல. ஒரு கம்பியில் ஓர் ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது என்றால், ஒவ்வொரு நொடியும் அதைக் கடக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, 6 எழுதி அதன் பின்னால் 18 பூஜ்ஜியங்கள் போடும் அளவுக்குப் பெரியது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் யாரோ ஒருவர் வெளியே விழுவார். உள்ளே நுழைந்தவரும் வெளியே விழுந்தவரும் ஒரே ஆளா? சொல்ல முடியாது. கம்பிக்குள்ளும் அதே கதைதான்.

விளக்கு எரிய, மோட்டார் சுற்ற இந்தக் கூட்டம் போதும். ஆனால், குவாண்டம் கணினி கட்ட நினைப்பவர்களுக்குக் கூட்டம் பயன்படாது. அவர்களுக்கு ஒவ்வோர் எலக்ட்ரானும் முக்கியம். எலக்ட்ரானுக்கு 'ஸ்பின்' என்றொரு குணம் உண்டு. ஒவ்வோர் எலக்ட்ரானையும் மிக மிகச் சிறிய காந்த ஊசி என்று கற்பனை செய்துகொள்ளலாம். அந்த ஊசி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் தகவலை எழுதிவைக்க முடியும். தகவல் எழுதிய எலக்ட்ரானைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டால் தகவலும் போச்சு.

ஆக, கேள்வி இதுதான். ஓர் எலக்ட்ரானை மட்டும் தனியே பிரித்து, வழியில் தொலைக்காமல், மற்றதோடு கலக்காமல், அதில் எழுதியிருப்பதை அழிக்காமல் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

நிலநடுக்கத்தில் தொடங்கிய கதை

விடையின் முதல் பாதி 1885-ல் கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த லார்ட் ராலே என்ற இயற்பியலாளர் ஒரு கணக்குப் போட்டார். திடப்பொருளின் ஆழத்துக்குள் போகாமல், மேற்பரப்பை மட்டுமே ஒட்டியபடி ஓடும் அலை ஒன்று இருக்க முடியும் என்று அந்தக் கணக்கு சொன்னது. நிலநடுக்கங்களில் இந்த அலைக்கு முக்கியப் பங்கு இருக்கலாம் என்றும் அவர் ஊகித்தார். ஊகம் பலித்தது. இன்று அந்த அலைக்கு அவர் பெயர்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே பூமி குலுங்கியபோது கிளம்பிய ராலே அலைகள், கடலில் கிளம்பிய சுனாமியைவிடப் பல மடங்கு வேகமாகத் தரை வழியே ஓடி, உலகத்தையே சுற்றி வந்தன.

இரண்டாவது பாதி அதற்கும் ஐந்து ஆண்டுகள் முந்தையது. 1880-ல் பாரிஸில் பியரி கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் ஒரு விநோதத்தைக் கண்டுபிடித்தார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது! உங்கள் சமையலறையில் 'டிக்' என்று பொறி பறக்கவிடும் கேஸ் லைட்டர் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. தலைகீழாகவும் இது நடக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் லேசாகச் சுருங்கும், விரியும். இதற்கு 'பீசோ மின்விளைவு' என்று பெயர்.

இரண்டையும் சேர்த்து வைத்தது ஒரு சீப்பு. 1965-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒயிட், வோல்ட்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், படிகத்தின் மேல் உலோகத்தால் இரண்டு சீப்புகளை வரைந்தார்கள். ஒன்றின் பற்கள் இன்னொன்றின் பற்களுக்கு இடையில் நுழைந்து நிற்கும், இரண்டு கைவிரல்களைக் கோத்துக்கொள்வதுபோல. சீப்புகளுக்கு மாறி மாறி மின்னழுத்தம் கொடுத்தால் கீழே இருக்கும் படிகம் சுருங்கி விரிந்து, மேற்பரப்பில் அலை கிளம்பும். பற்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளியோ, அதற்குப் பொருந்தும் அலை மட்டும் வலுவாக எழும், மற்றவை அடங்கிவிடும். போனுக்கு வந்து குவியும் சிக்னல்களில் வேண்டியதை மட்டும் சலித்தெடுக்கும் வித்தை இதுதான்.

நகரும் பல்லாங்குழி

இனி எலக்ட்ரானுக்கு வருவோம். போன் சிப்புகளில் சிலவற்றைச் செய்யப் பயன்படும் கேலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்திக்கும் இந்த பீசோ குணம் கொஞ்சம் உண்டு. அதன் மேல் ஒலி அலை ஓடினால், படிகம் மேடும் பள்ளமுமாக நெளிவதோடு, மின்புலமும் மேடும் பள்ளமுமாகக் கூடவே ஓடுகிறது. படிகத்தின் நெளிவு ஒரு நானோமீட்டர்கூட இருக்காது. ஆனால், எலக்ட்ரானைப் பிடித்துவைக்க அந்த மின்பள்ளம் போதும்.

பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகக் குழிகள். ஒரு குழியில் ஒரு சோழி. இப்போது சோழியைக் கையால் எடுக்காமல், குழிகளே வரிசையாக நகர்ந்தால்? சோழி தன் குழிக்குள் உட்கார்ந்தபடியே பயணம் செய்யும். ஒலி அலை செய்வது இதைத்தான்.

இந்தக் குழிகளின் அளவு என்ன தெரியுமா? அலை நொடிக்கு 270 கோடி முறை அதிரும்போது, ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே சுமார் ஒரு மைக்ரோமீட்டர்தான். மனிதக் காதுக்கு எட்டும் ஒலியின் உச்சம் நொடிக்கு சுமார் 20,000 அதிர்வுகள். அதனால் 'ஒலி' என்று பெயர் இருந்தாலும் இந்தச் சத்தம் யார் காதிலும் விழாது.

குழி மட்டும் போதாது, பாதையும் வேண்டும். கேலியம் ஆர்சனைடு அடுக்குகளுக்குள், மேற்பரப்பிலிருந்து சுமார் 100 நானோமீட்டர் ஆழத்தில், எலக்ட்ரான்கள் மெல்லிய ஏடுபோலப் படர்ந்திருக்கும்படி சிப்பைத் தயாரிக்கிறார்கள். மேலே நுண்ணிய உலோகப் பட்டைகளை வரைந்து எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், கீழே இருக்கும் எலக்ட்ரான்கள் விலகி ஓடும். இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஆளில்லாத ஒடுக்கமான சந்து ஒன்று மிஞ்சும். ஊர்க்கூட்டம் முழுவதையும் விலக்கிவிட்டு, ஒருவர் மட்டும் நடக்க வழிவிடுவதுபோல!

ஒரே ஆய்வகம், மூன்று பெயர்கள்

ஒலி அலை குறைக்கடத்திக்குள் இருக்கும் எலக்ட்ரான்களைத் தொட்டுப் பார்க்கும் கருவியாக 1986-ல் ஜெர்மனியில் பயன்பட்டது. ஆக்கிம் விக்ஸ்ஃபோர்த், யோர்க் கோட்ஹவுஸ் குழுவினர் செய்த அந்தச் சோதனை இந்தத் துறைக்கு வாசல் திறந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996-ல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவெண்டிஷ் ஆய்வகக் குழு, ஒடுக்கமான சந்து வழியே ஒலி அலையை ஓடவிட்டது. ஒவ்வோர் அலைக்குழியும் ஓர் எலக்ட்ரானை அள்ளிக்கொண்டு மறுபக்கம் கொட்டியது.

இதில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. அந்த அலையைக் கணித்த ராலே, 1884 வரை இதே கேவெண்டிஷ் ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜே.ஜே.தாம்சன், 1897-ல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர். முன்னவரின் அலையில் பின்னவரின் எலக்ட்ரான் ஏறிப் பயணம் செய்ய, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

அந்தச் சோதனையின் பின்னால் ஒரு பெரிய கனவு இருந்தது. ஒரு குழிக்கு ஓர் எலக்ட்ரான், நொடிக்கு 270 கோடிக் குழிகள் என்றால், பாயும் மின்சாரம் எவ்வளவு என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். ஓர் ஆம்பியரை 230 கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. மிகச் சிறியதுதான். ஆனாலும், மின்சாரத்தை அளக்க இதைவிட நேரடியான வழி உண்டா? மளிகைக்கடைத் தராசுக்கு எடைக்கல் இருப்பதுபோல, ஆம்பியருக்கு எலக்ட்ரானே எடைக்கல்லாகிவிடும்.

கனவு முழுதாகப் பலிக்கவில்லை. ஒலி அலையின் சக்தி சிப்பைச் சூடாக்கியது. சில குழிகள் காலியாக வந்தன. சிலவற்றில் இரண்டு எலக்ட்ரான்கள் ஏறிக்கொண்டன. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை வந்தது. சந்தைக்கணக்கில் அது அருமையான தராசு. அளவியல் நிபுணர்களுக்கோ கோடியில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. 2019 மே 20 முதல் ஆம்பியர் என்ற அலகு உலகெங்கும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்தே வரையறுக்கப்படுகிறது. ஆனால், அதற்காக எலக்ட்ரான்களை எண்ணும் வேலையில் இன்று முன்னணியில் நிற்பவை வேறு வகைக் கருவிகள்.

வெளிச்சத்தைச் சேமித்த அலை

ஒரு கதவு மூடியபோது, பக்கத்தில் இன்னொன்று திறந்திருந்தது. 1997-ல் மியூனிக் நகர ஆய்வாளர்கள் வெளிச்சத்தை வைத்து ஒரு வேடிக்கை காட்டினார்கள். குறைக்கடத்தியில் ஒளி படும்போது ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுச்சென்ற இடம் 'துளை' எனப்படும். சாதாரணமாக எலக்ட்ரான் நானோநொடிகளில் துளைக்குள் திரும்ப விழுந்துவிடும். விழும்போது ஒளி வெளிவரும்.

ஒலி அலை ஓடும் இடத்தில் இந்த ஜோடி பிரிந்துபோகிறது. எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான் பள்ளத்தில் இறங்க, நேர் மின்னூட்டம் கொண்ட துளை மேட்டில் ஏறிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே அரை அலை தூரம். சேர வழியில்லாமல் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆய்வாளர்கள் வழியில் ஓரிடத்தில் மெல்லிய உலோகப் படலத்தை வைத்தார்கள். அங்கே மின்மேடும் மின்பள்ளமும் தட்டையாகிவிட, பிரிந்த ஜோடி சேர்ந்தது. ஒளி பட்டது ஓரிடம்; வெளிச்சம் வந்தது வேறோர் இடம். நடுவில் அந்த வெளிச்சத்தைச் சுமந்தது சத்தம்!

அனுப்பு... பிடி... திருப்பி அனுப்பு

உண்மையான திருப்பம் 2011 செப்டம்பரில் வந்தது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரக் குழு ஒன்று, கேம்பிரிட்ஜ் குழு ஒன்று. இரண்டின் கட்டுரைகளும் 'நேச்சர்' இதழில் ஒரே வாரத்தில் வெளியாகின.

1996-ல் நடந்தது தொடர் ஓட்டம்; எந்த எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2011-ல் நடந்தது கூரியர் சேவை. சந்தின் இரு முனைகளிலும் 'குவாண்டம் புள்ளி' எனப்படும் மின்குழி ஒன்றை அமைத்தார்கள். முதல் குழியில் ஓர் எலக்ட்ரானை மட்டும் வைத்தார்கள். பக்கத்திலிருந்த உணர்கருவி, குழியில் எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். ஒலி அலை ஒருமுறை அடித்தது. முதல் குழி காலி. அடுத்த முனையில் இருந்த குழியில் எலக்ட்ரான் வந்து உட்கார்ந்திருந்தது! கிரெனோபிள் சோதனையில் தூரம் 3 மைக்ரோமீட்டர். அனுப்புவது, பிடிப்பது இரண்டிலும் 90 சதவிகிதத்துக்கு மேல் வெற்றி.

கேம்பிரிட்ஜ் குழு இன்னொரு படி மேலே போனது. இரு பக்கமும் சீப்புகளை வைத்து, ஒரே எலக்ட்ரானை 4 மைக்ரோமீட்டர் தூரத்துக்கு டேபிள் டென்னிஸ் பந்துபோல 60 தடவைக்கு மேல் போகவும் வரவும் வைத்தது. மொத்தம் கால் மில்லிமீட்டர் பயணம். எலக்ட்ரானின் உலகத்தில் அது நெடும்பயணம்.

இந்தச் சோதனைகள் எல்லாம் மைனஸ் 273 டிகிரி செல்சியஸை நெருங்கும் கடுங்குளிரில் நடப்பவை. வெப்பம் என்பதே அணுக்களின் துள்ளல்தானே? கொஞ்சம் சூடு ஏறினாலும் எலக்ட்ரான் குழியிலிருந்து எகிறிக் குதித்துவிடும்.

மெதுவாகப் போவதே பலம்

கேலியம் ஆர்சனைடின் மேல் இந்த அலை நொடிக்குச் சுமார் 2,860 மீட்டர் ஓடும். காற்றில் ஒலி போகும் வேகத்தைப்போல எட்டு மடங்கு. ஆனால், ஒளியோடு ஒப்பிட்டால் ஒரு லட்சம் மடங்கு மெதுவு. விஞ்ஞானிகளுக்குப் பிடித்ததே இந்த நிதானம்தான்.

சீப்புக்கு மின்சாரம் கொடுத்ததும் ஒரு மின் அதிர்வு ஒளிவேகத்தில் பாய்ந்து சிப்பைக் கலக்கும். ஒலி அலை அதற்கு அப்புறம்தான் வந்து சேரும். மின்னல் முதலில், இடி பின்னால் என்பதுபோல. சீப்பை ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் சுமார் அரை மைக்ரோநொடி அவகாசம் கிடைக்கிறது. கலக்கம் அடங்கிய பிறகு, அமைதியான சிப்புக்குள் அலை நுழைகிறது. எலக்ட்ரான் பயணத்தில் இருக்கும்போதே பட்டைகளின் மின்னழுத்தத்தை மாற்றி, பாதையைத் திருப்பவும் நேரம் இருக்கிறது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் தண்டவாளத்தை மாற்றிப் போடுவதுபோல!

2019-ல் கிரெனோபிள் ஆய்வாளர்களும் ஜப்பான், ஜெர்மனி நாட்டுக் கூட்டாளிகளும் இதைச் செய்துகாட்டினார்கள். 22 மைக்ரோமீட்டர் நீளப் பாதையில், 99 சதிவிகிதத்துக்கு மேல் வெற்றியுடன் எலக்ட்ரான் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ குழிகள் வரிசையாக வரும்போது எந்தக் குழியில் எலக்ட்ரான் ஏற வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். 2021-ல் குவாண்டம் பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களைத் தனித்தனியே அலையில் ஏற்றி அனுப்பினார்கள்; சில மைக்ரோமீட்டர் பயணத்துக்குப் பிறகும் ஸ்பின்களுக்கு இடையிலான பிணைப்பு அறுபடவில்லை. 2023-ல் இரண்டு எலக்ட்ரான்களை ஒரே அலையில் பக்கத்துப் பக்கத்துப் பாதைகளிலிருந்து சந்திக்கவைத்தார்கள். அவை ஒன்றையொன்று விரட்டி, ஆளுக்கொரு பாதையில் பிரிந்து போயின. தனி எலக்ட்ரான்கள் பயணத்தின் நடுவிலேயே 'பேசிக்கொள்கின்றன' என்பதற்கு அது சாட்சி. கணக்குப் போடும் கருவி செய்ய, எலக்ட்ரான்கள் இப்படி ஒன்றையொன்று பாதிக்க வேண்டியது கட்டாயம்.

ஒரு சதவிகிதம் எவ்வளவு பெரியது?

99 சதவிகிதம் என்பது பரீட்சையில் பிரமாதமான மார்க். ஆனால், ஓர் எலக்ட்ரானை 99 சதவிகித வெற்றியுடன் தொடர்ந்து நூறு முறை அனுப்பினால், கடைசிவரை தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 37 சதவிகிதம்தான். லட்சக்கணக்கான முறை அனுப்ப வேண்டிய கணினிக்கு இது போதாது. அந்தக் கடைசி ஒரு சதவிகிதத்தைச் சுரண்டிக் குறைப்பதில்தான் இத்தனை ஆய்வகங்களின் உழைப்பும் போகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலகின் சிப் தொழில் நிற்பது சிலிக்கான் மேல். சிலிக்கானுக்கு பீசோ குணம் கிடையாது. கேலியம் ஆர்சனைடுக்கு அது உண்டு. ஆனால், அதன் அணுக்கருக்களும் குட்டிக் காந்தங்கள்போல நடந்துகொண்டு, எலக்ட்ரான் ஸ்பின்னில் எழுதியிருக்கும் தகவலைக் குழப்பிவிடுகின்றன. ஏற்றிச் செல்ல வசதியான பொருள், சேமித்துவைக்க வசதியாக இல்லை. அதனால் சிலிக்கானில் ஒலி இல்லாமலே, பட்டைகளின் மின்னழுத்தத்தை வரிசையாக ஏற்றி இறக்கி எலக்ட்ரானை நகர்த்தும் போட்டி முறையும் வேகமாக வளர்கிறது. கடைசியில் எது ஜெயிக்கும் என்பது திறந்த கேள்வி.

யார் ஜெயித்தாலும், இந்த அலை ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டது. கோடானுகோடிக் கூட்டமாக மட்டுமே எலக்ட்ரானைப் பார்த்துவந்த உலகம், இப்போது ஒன்றை மட்டும் கைப்பிடித்து அழைத்துப்போகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு மின்னல் வேகம் தேவைப்படவில்லை. ஒரு பள்ளமும் கொஞ்சம் நிதானமும் போதுமாக இருந்தது.